படத்தின் ஓரத்தில் வைத்த பொட்டு

போடியில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியாக இருந்த கட்டடம் ஓவிய மியூசியமாக மாறியபோது, கதவு ஜன்னல்களை விட்டுவைத்த மாதிரி என்னையும் விட்டுவைத்தார்கள். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைத் தவிர வேறு காரணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. மூட்டை பிரித்துக்கொண்டிருந்தவன் கதவு திறப்பவன் ஆனேன். மழைக்காலத்தில் சுவர் ஈரம் குடித்தால் இன்றைக்கும் அங்கே ஏலக்காய் மணக்கும். பார்க்க வருகிறவர்கள் ஏதோ சென்ட் தெளித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. என் கழுத்தில் தொங்கும் அட்டையில் 'கல்விப் பிரிவுப் பொறுப்பாளர்' என்று அச்சடித்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நானாகப் போய்க் கேட்டு வாங்கிய பதவி இல்லை அது.

தொடக்கத்தில் அந்த வேலைக்குப் படித்தவர்கள்தான் வந்தார்கள். சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். ஊருக்குள் தன்னார்வ வழிகாட்டிகள் வேண்டும், சம்பளம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பயிற்சி என்று அறிவித்து ஒரு பத்துப் பேரைச் சேர்த்தார். கோடைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். அடுத்து வந்தவருக்குக் கொச்சியில் நல்ல வேலை கிடைத்தது. அவரும் போனார். போனவர்கள் யாரும் தன்னார்வலர்களிடம் இனி வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடித்து அவர்கள் பாட்டுக்கு வந்து நின்றார்கள். திறந்துவிட நான் மட்டும் இருந்தேன்.

அவர்களில் ஒரு அக்கா இருந்தார். இதே கட்டடத்தில் என்னோடு வேலை பார்த்தவர். நான் மூட்டை பிரிப்பேன், அவர் காய் பொறுக்குவார். பெரியது, நடுத்தரம், வெடித்தது, கருத்தது என்று பிரித்துப் போடுகிற வேலை. கிட்டங்கி மூடிய பிறகு வேறொரு கடையில் அதே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர்தான் சொன்னார்:

"சும்மா ஸ்டூல்ல உக்காந்திருக்கதுக்கு எங்ககூட எந்திரிச்சு வாயேன் தம்பி. படம் பாக்க வந்த ஆளு மாதிரி நில்லு. நாங்க ஒனக்குச் சொல்லிப் பழகுறோம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. கூட்டத்துக்கு முன்னால் நின்று பேச என்னால் ஆகாது. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற இடத்தில் பெயரைக் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் புரியாமல் நிற்பதற்கு எனக்குப் பழக்கம் தேவைப்படவில்லை. மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தவனாக நின்றேன். கைப்பிள்ளைக்கு ஒன்றுக்கு வருகிறது என்று பாதியில் போகிறவளாக நடந்தேன். வைகை அணை பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று வந்த ஆளாகக் கொட்டாவி விட்டேன். அவர்கள் விளக்கி முடித்ததும், "அம்புட்டுத்தானா?" என்று கேட்பேன். அந்தக் கேள்விக்குத் திண்டாடாதவர்கள் இல்லை.

பஜாரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்த ஒரு அண்ணன் அந்தக் குழுவில் இருந்தார். சி.எஸ்.ஐ. சபையில் ஞாயிறு பள்ளி நடத்தியவர், அதனால் வாய் ஓயாது. அவர் எனக்கு வைத்த பெயர் அஞ்சாப்பு வாத்தியார்.

"வாத்தியாரே, நீங்க இந்த 'அம்புட்டுத்தானா'வ விட மாட்டீகளா? எனக்குப் பிரசங்கமே மறந்து போகுது."

"பிரசங்கம் வேணாம்ணே. கேளுங்க, கேட்டுட்டு நில்லுங்க."

"எதுவரைக்கும்?"

"அவுக வாயத் தெறக்குற வரைக்கும்."

"பொட்டிப்புரத்துல மலையக் கொடைஞ்சு உள்ள உக்காந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ நியூட்ரினோவப் பாக்கப் போறாகளாம். நாம என்னடாண்ணா சொவத்துல தொங்குறதப் பாக்க வைக்க இந்தப் பாடு படுறோம்."

எங்களுக்கு என்று சில பழக்கங்கள் அப்படியே உண்டாயின. படத்துக்கும் ஆளுக்கும் நடுவில் நிற்கக் கூடாது. ஒற்றை விரலால் காட்டக் கூடாது. முதல் வார்த்தை எங்களுடையதாக இருக்கக் கூடாது. "என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். படித்தவர்களுக்கு அந்தச் சும்மா இருப்பதுதான் வரவில்லை. படிக்காதவர்களுக்கும் வரவில்லை. அக்காவுக்கு மட்டும் வந்தது. காய் பொறுக்குகிற இடத்தில் ஒருத்தி கதை சொன்னால் மற்றவர்கள் கையை ஓட்டிக்கொண்டே கேட்பார்கள்; அந்தப் பழக்கமாக இருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிட்டங்கியையும் மியூசியத்தையும் நடத்திய பெரிய முதலாளி தடியூன்றி வந்து தூரத்தில் நின்று இதைப் பார்த்தார். "வெளியூர்க்காரன் எவனும் வேண்டாம், இவனே பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் எனக்கு அந்த அட்டை வந்தது.

அக்கா எப்போதும் தன் சுற்றை ஒரு படத்தின் முன்னால்தான் முடிப்பார். பெரிய படம். ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் எதுவும் இல்லை. நெற்றி வெறுமையாக இருக்கிறது. அந்த ஒரு படத்துக்கு மட்டும் பிரேம் கிடையாது. வரைந்தவர் பிரேம் போடக் கூடாது என்று சொல்லித்தான் விற்றாராம். துணியைப் பின்பக்க மரக்கட்டையில் இழுத்து ஆணியடித்து அப்படியே மாட்டியிருந்தார்கள்.

நம் ஊர்ச் சனங்கள் அந்தப் படத்தின் முன்னால் வந்தால் முதலில் பார்ப்பது நெற்றியைத்தான்.

"தாலியறுத்தவ போல."

"ஏன், கிறிஸ்தவச்சியா இருந்தா?"

"முழுகிட்டு வந்து உக்காந்திருக்கா. இனிமேத்தான் பொட்டு வப்பா."

"ஆமா, ஒனக்குச் சொல்லிட்டு வந்து உக்காந்தா!"

சண்டை நடக்கும்போது அக்கா கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். கடைசியில் யாராவது அவரிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா, எது சரி?" என்று கேட்பார்கள். "ஆருக்குத் தெரியும்? எனக்கும் வாரத்துக்கு ஒண்ணு தோணுது" என்பார். அவர்கள் வெளியே போய் செருப்பு மாட்டும்போதும் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

அக்காவுக்கு இந்த வேலையில் வேறொரு கணக்கும் இருந்தது. அவருடைய மகளை அனுமந்தன்பட்டியில், நஞ்சையும் திராட்சைத் தோட்டமும் உள்ள வீட்டில் கொடுத்திருந்தார். பையன் விரும்பிக் கட்டியது. சம்பந்தியம்மா வாய் திறந்தால் 'காய் பொறுக்குற வீட்டுப் பொண்ணு' என்றுதான் பேச்சு. மகள் இதைப் போனில் சொல்லி அழுவாள். அக்கா ஒருநாள் சம்பந்தியிடம், தான் மியூசியத்தில் வருகிறவர்களுக்கு ஓவியம் விளக்குகிறவள், பெயர் போட்ட அட்டை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவர்கள் நம்பவில்லை. 'அப்படியா மதினி, தைப் பொங்கலுக்கு வந்து பாத்துருவோம்' என்றார்கள்.

"வரட்டும் தம்பி. அந்தம்மாவ அந்தப் படத்துக்கு முன்னால நிறுத்தி, என்ன தெரியுதுண்டு கேட்டுட்டு, நான் பாட்டுக்கு நிக்கப் போறேன். அது வாயத் தெறக்குதா இல்லையாண்டு பாப்போம்."

இதை அவர் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. நான் சம்பந்தியம்மாவாக நின்று அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். உதட்டைச் சுழித்துக்கொண்டு, "இதுல என்ன இருக்கு மதினி?" என்று கேட்பேன். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எல்லோருக்கும் அந்தத் தை மாதத்தின் மேல் ஒரு கண் இருந்தது.

அந்த ஆண்டு பெரிய முதலாளி படுத்த படுக்கையாகிவிட்டார். அவருடைய மகள் பொறுப்புக்கு வந்தார். எங்களுக்கு அவர் மேடம். வெளிநாட்டில் படித்தவர். நல்ல மாதிரி. என்னைக்கூட 'சார்' என்றுதான் கூப்பிடுவார். யாரையும் கடிந்து ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை.

ஆயுத பூஜை வந்தது. மியூசியமான பிறகு வருஷா வருஷம் பெரிய முதலாளியே வந்து வாசலுக்கும் கல்லாவுக்கும் பூட்டுக்கும் தன் கையால் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டுப் போவார். இந்த முறை மேடம் சென்னையில் இருந்தார். ஆபீஸ் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, "கிட்டங்கி காலத்துல நீங்கதானே வைப்பீங்க, வழக்கம்போல வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பைக்குக்கு மாலை வாங்கப் போனார்.

கிட்டங்கி காலத்து வழக்கம் என்ன என்பது எனக்குத் தெரியும். தராசு, படிக்கல், சல்லடை, கோணி ஊசி, முறம், தள்ளுவண்டி என்று ஒன்று விடாமல் பொட்டு வைக்க வேண்டும். ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் அந்த வருடம் முழுவதும் அதில்தான் பழுது வரும் என்று பெரிய முதலாளி சத்தம் போடுவார். அக்காவுக்கு அந்தப் பயம் அப்படியே இருந்தது.

நான் வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து அக்காவின் பேச்சு கேட்டது.

"கம்ப்யூட்டருக்கு வச்சாச்சு, டிக்கெட் மிசினுக்கு வச்சாச்சு. நமக்கு இங்கன ஆயுதம்ண்டா எது? படந்தான?"

"எனக்கு இதெல்லாம் வழக்கமில்லக்கா," என்றார் கடைக்கார அண்ணன். "ஆனா பொரியில எனக்கு ரெண்டு பங்கு."

"ஒனக்கு நெத்தியில வைக்க மாட்டேன், பயப்படாத. இந்த ஸ்டூல மட்டும் நகத்து."

ஒவ்வொரு பிரேமிலும் கீழ்க்கட்டையின் நடுவில் சின்னதாக ஒரு சந்தனம், அதன்மேல் குங்குமம். படத்தில் பட்டுவிடக் கூடாது என்று இடது கையால் மறைத்துக்கொண்டு வைத்திருக்கிறார். நான் உள்ளே போய்ப் பார்த்தபோது வரிசையாக ஒரே உயரத்தில் பொட்டுகள். எனக்கும் அதில் தவறாக எதுவும் படவில்லை. பிரேம் இல்லாத படத்துக்கு மட்டும், கட்டை இருக்க வேண்டிய இடத்தில், துணியின் கீழ் ஓரத்தில் வைத்திருந்தார். புளியங்கொட்டை அளவு. அந்தப் பெண்ணின் பாதத்துக்கும் கீழே, வெறும் தரை வரைந்திருந்த இடத்தில்.

"இதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் அக்கா. எல்லோரும் பொரி தின்றோம். பூசணிக்காயை நான்தான் உடைத்தேன்.

விடுமுறை முடிந்து மேனேஜர் வந்தார். பிரேம்களில் இருந்த பொட்டுகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தவர், அதே கையோடு அந்தத் துணிப்படத்தையும் துடைத்தார். புளியங்கொட்டை உள்ளங்கை அளவு பரவியது. பிறகுதான் அவருக்கு வேர்த்தது. பின்னால் சென்னையிலிருந்து படம் பழுதுபார்க்கிறவர் ஒருவர் வந்தார். "காய்ஞ்சதைத் தொடாம விட்டிருந்தா பிரஷ்ஷால தட்டியே எடுத்திருக்கலாமே" என்று என் காதுபட மேனேஜரிடம் சொன்னார். முக்கால்வாசியை எடுத்தார். மிச்சம் துணிக்குள் இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் கூட்டம் போட்டார். நீள மேசையில் எல்லோருக்கும் டீ வந்தது.

"யாரையும் குற்றம் சொல்றதுக்காக இந்த மீட்டிங் இல்ல. அதை முதல்ல சொல்லிடறேன்."

அக்கா எழுந்து நின்றார். "நாந்தான் வச்சேன் ஆத்தா."

"உட்காருங்கம்மா. நீங்க எந்தக் கெட்ட எண்ணத்துலயும் செய்யலன்னு எனக்குத் தெரியும்."

மற்றவர்கள் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் பேச வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மழைக்கு ஒதுங்கியவனாகவும் கொட்டாவி விடுகிறவனாகவும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை நின்றிருக்கிறேன். அன்றைக்கு அந்த மேசையில் ஒரு வாய் திறக்கவில்லை. கடைக்கார அண்ணன் மட்டும், "தண்ணியத் தொட்டுத் துடைச்சது ஆருண்டு ஒரு வார்த்தை கேக்கலாமா?" என்றார். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். "அதெல்லாம் இப்ப வேண்டாமே" என்று மேடம் சிரித்தார்.

அப்புறம் நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. கிட்டங்கியில் தராசுக்கும் சல்லடைக்கும் பொட்டு வைக்கிற வழக்கத்தைச் சொன்னேன். விட்டுப்போனால் பெரியவர் சத்தம் போடுவதைச் சொன்னேன். எல்லாப் படத்துக்கும் பிரேமில் வைத்தார், அதற்குப் பிரேம் இல்லை, அதனால் ஓரத்தில் வைத்தார், மேனேஜர் சொல்லித்தான் வைத்தார் என்று சொன்னேன். என் குரல் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததா என்றே சந்தேகமாக இருந்தது. மேடம் மட்டும் என் முகத்தையே பார்த்துக் கேட்டார். கேட்டு முடித்ததும், "எவ்வளவு அழகான விஷயம் சார் இது" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதற்கடுத்து அவர் சொன்னது, தன்னார்வலர் திட்டத்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைக்கலாம் என்பது. மதுரையில் இதற்கென்று படித்த பெண்கள் இருக்கிறார்கள், அவர்களை எடுக்கலாம். எல்லோரும் அட்டையைக் கொடுத்துவிட்டால் நல்லது.

அக்காவின் அட்டை சேலை மடிப்பில் மாட்டிக்கொண்டது. எடுத்துக்கொண்டே கேட்டார்: "இத தை மாசம் வரைக்கும் மட்டும் வச்சுக்கிரவா ஆத்தா? எங்க சம்பந்தி வீட்டுல வாராக. பாக்கணும்ண்டு சொல்லிருக்காக."

"அம்மா, நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க. எங்க விருந்தாளியா வாங்க. சம்பந்தியையும் கூட்டிட்டு வாங்க. நானே கூட இருந்து காபி குடுக்கறேன்."

அந்தக் காபியைக் காட்டிலும் நாலு வசவு திட்டியிருந்தால் தேவலை. திட்டினால் திருப்பி ஒரு வார்த்தை பேசலாம். அக்கா அட்டையை மேசையில் வைத்தார். கடைக்கார அண்ணன் தன்னுடையதை அதன்மேல் போட்டுவிட்டு, டீயைக் குடிக்காமலே வெளியேறினார். வாசலில் என்னிடம், "வாத்தியாரே, இனிமே ஆருக்கு நின்னு கொட்டாவி விடுவீக?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

என் அட்டையை யாரும் கேட்கவில்லை. பதவியின் பெயரும் மாறவில்லை. மதுரைப் பெண்கள் வாயருகே மைக் மாட்டிக்கொண்டு பேசுகிறார்கள், அதைக் கேட்க வருகிறவர்களுக்குக் காதில் மாட்டுகிற கருவி ஒன்று உண்டு. அதை எடுத்துக் கொடுப்பதும், திரும்ப வாங்கித் துடைத்து வைப்பதும் கல்விப் பிரிவுப் பொறுப்பாளரின் வேலை.

மார்கழியில் அந்தப் பெண்கள் பழகிக்கொண்டிருந்தபோதுதான் அது என் காதில் விழுந்தது. பிரேம் இல்லாத படத்தின் முன்னால் நின்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளந்தியான கிராமத்து அம்மா ஒருவர் இந்தப் படத்தைத் தினமும் பார்த்தாராம். விதவைப் பெண்ணின் வெறும் நெற்றியைக் கண்டு அவருக்கு மனம் தாங்கவில்லையாம். ஒருநாள் யாருக்கும் தெரியாமல் அவளுக்குப் பொட்டு வைத்து அழகு பார்த்தாராம். நெற்றியை இப்போது சுத்தம் செய்துவிட்டோம், கீழே சிந்திய குங்குமத்தை மட்டும் அந்த அன்பின் நினைவாக விட்டுவைத்திருக்கிறோம் என்று முடித்தாள்.

"அவுக நெத்தியில வைக்கலம்மா," என்றேன். "ஆயுத பூஜைக்கு எல்லாப் படத்துக்கும் வச்ச மாதிரி ஓரத்துலதான் வச்சாக."

"எனக்கு இப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காங்க சார்."

மேடத்திடம் போனேன். வாசலிலேயே இரண்டு தடவை திரும்பிவிட்டுத்தான் உள்ளே போனேன். அவர் கோபப்படவில்லை.

"எனக்கும் தெரியும் சார். ஆனா யோசிச்சுப் பாருங்க, சல்லடை தராசுன்னு சொன்னா வர்றவங்களுக்குப் புரியாது. அந்தம்மாவை நாம நல்லவங்களாத்தானே காட்டறோம்? அதுல என்ன தப்பு?"

என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்ல வராது. ஒழுங்காக ஒரு வேலையைச் செய்த மனுஷியை, செய்தது அறியாத பேதையாக்கி, அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தின் முன்னால் முன்பு சனங்கள் சண்டை போடுவார்கள். இப்போது எல்லோரும் 'ச்சோ' என்கிறார்கள். அவள் விதவைதான் என்று மைக்கில் சொல்லிவிட்டபின் சண்டைக்கு என்ன இருக்கிறது? அந்தக் கறையைப் படமெடுக்கத்தான் கூட்டம். அக்காவுக்கு உள்ளே இடமில்லை, அக்கா செய்யாத காரியத்துக்கு நடுக்கூடத்தில் இடம் இருந்தது.

தைப் பொங்கல் முடிந்த மறுநாள் அக்கா வந்தார். கூட மகள், சம்பந்தியம்மா, அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். அக்கா பட்டுச்சேலை கட்டியிருந்தார். அவர்களிடம் என்ன சொல்லிவைத்திருந்தார் என்பது சம்பந்தியம்மாவின் பேச்சிலிருந்து எனக்குத் தெரிந்தது.

"முழங்கால் வலி வந்து வேலைய விட்டுட்டாகளாமே எங்க மதினி. நாம வார நேரமாப் பாத்து வலி வந்திருக்கு."

"நின்னுக்கிட்டே இருக்கணும்ல மதினி. நமக்குத் தாங்குமா?" என்றார் அக்கா.

நான் ஆளுக்கு ஒரு கருவியைக் கொடுத்தேன். அக்காவிடம் கொடுக்கும்போது என் முகத்தை அவர் பார்க்கவில்லை. அந்தப் படத்தின் முன்னால் என்ன சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லி நிறுத்த எனக்கு அந்த ஒரு கணம்தான் இருந்தது. சம்பந்தியம்மா பக்கத்திலேயே நின்றார். எதைச் சொன்னாலும் அதுவே காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும். வரிசையில் பின்னால் நின்றவர் கையை நீட்டினார். அவர்கள் உள்ளே போனார்கள்.

வாசலில் இருந்து அந்தக் கூடம் தெரியும். கூட்டம் பிரேம் இல்லாத படத்தின் முன்னால் வந்து நின்றது. அந்தப் பெண் மைக்கில் சொல்லத் தொடங்கினாள். மேசையில் இருந்த ஒரு கருவியை நான் காதில் வைத்துக்கொண்டேன். 'வெள்ளந்தியான கிராமத்து அம்மா' என்ற இடத்தில் அக்காவின் முதுகு நிமிர்ந்தது. அதன்பிறகு அசையவில்லை.

"அட கூறுகெட்ட சிறுக்கி!" என்று சம்பந்தியம்மா சத்தமாகச் சிரித்தார். "படத்துக்கு எவளாவது பொட்டு வப்பாளா? எந்தப் பட்டிக்காட்டுலருந்து வந்தாளோ!"

கூட்டம் சிரித்தது. அக்காவின் மகள் தாயின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது அந்த மதுரைப் பெண், யார் என்று தெரியாமல், முன்வரிசையில் நின்ற அக்காவிடம் கையை நீட்டி, "நீங்க சொல்லுங்கம்மா, அந்த அம்மாவப் பத்தி என்ன தோணுது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள். அந்தப் பழக்கத்தை மட்டும் எங்களிடமிருந்து எடுத்துவைத்திருந்தார்கள்.

அக்கா சிரித்தார். எல்லோரும் சிரித்த மாதிரியே, வாய்விட்டுச் சிரித்தார். "வேலையத்தவளா இருப்பா" என்றார்.

வெளியே வரும்போது சம்பந்தியம்மா என் மேசையில் நின்றார்.

"ஏய்யா, எங்க மதினி இங்கனதான் சொல்லிக் குடுத்தாகளாமே, மெய்தானா?"

"மெய்தாம்மா. இவுகளுக்கு மேல ஆளு கிடையாது."

அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதல் தடவையாக ஒரு மரியாதை வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பல ஞாயிற்றுக்கிழமைகளாக நாங்கள் எல்லோரும் காத்திருந்தது அதற்குத்தான். அடுத்த வார்த்தையிலேயே அவர் கேட்டார்:

"அப்பண்டா அந்தப் பொட்டு வச்சவளையும் ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே? இன்னமும் இங்கனதான் திரியுறாளா?"

நான் வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"அவ எப்பவோ போயிட்டா மதினி. வாங்க, அடுத்த பஸ்ஸப் பிடிச்சாத்தான் பொழுதோட வீட்டுக்குப் போவீக."

காதில் இருந்த கருவியைக் கழற்றி, பட்டு முந்தானையால் ஒரு துடை துடைத்து, என் கையில் வைத்தார். யார் கொடுத்தாலும் அதை வாங்கி மருந்து போட்டுத் துடைத்துத்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. கேரளாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் வரிசையில் நின்றது. அக்கா துடைத்துக் கொடுத்ததை அப்படியே அவர்களிடம் நீட்டினேன்.